இரண்டு ஆசனங்களை மறுத்தவர்கள்
மிசிசிப்பி இளைஞரும் 1964 ஆம் ஆண்டின் கட்சி மகாநாடும்

ஊரில் நாம் வரலாற்றுப் பாடம் கற்பித்த காலத்தில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் கதையை ஆபிரகாம் லிங்கனோடு முடித்துவிடுவது வழக்கமாயிருந்தது. அடிமைத்தளை அறுந்தது, 1870 இல் வாக்குரிமையும் வந்தது என்று எழுதிய மாணவனுக்கு முழுப்புள்ளி வழங்கினோம். அந்த வாக்குரிமை உண்மையிலேயே கைக்கு வர இன்னும் எத்தனை ஆண்டுகள் சென்றன என்று மாணவரும் கேட்டதில்லை, நாமும் கேட்டதில்லை. அகதிகளாய் வந்து குடியேறிய நாடுகளில் நம் பிள்ளைகள் இன்று அரசியற் கட்சிகளில் இணைகின்றனர். கட்சிக்குள் நின்று நீதி கேட்பதால் என்ன பயன் என்று அவர்கள் கேட்கும்போது, நாம் கற்பிக்கத் தவறிய அந்தப் பாடத்தை இப்போதாவது சொல்லிவைப்பது கடனாகின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களுள் ஒன்று மிசிசிப்பி. பருத்தி விளையும் மண். 1890 இல் அம்மாநிலம் இயற்றிய புதிய அரசியலமைப்பு, கறுப்பினத்தவரின் வாக்குரிமையை வெளிப்படையாக மறுக்கவில்லை. தலைவரி கட்ட வேண்டும், அரசியலமைப்பின் ஒரு பிரிவை வாசிக்க அல்லது விளக்க வேண்டும் என்று நிபந்தனைகள் விதித்தது. விளக்கம் சரியா பிழையா என்று தீர்மானிப்பவர் வெள்ளையரான பதிவாளர். பட்டம் பெற்ற கறுப்பின ஆசிரியரும் அப்பரீட்சையில் ‘சித்தியடையாமல்’ திரும்பக்கூடிய நிலை. 1962 இல் இன்னொரு சட்டமும் வந்தது. வாக்காளராக விண்ணப்பிப்போரின் பெயர்களை உள்ளூர்ப் பத்திரிகையில் இரு வாரங்கள் வெளியிட வேண்டும் என்பதே அது. பெயர் அச்சேறியதும் வேலை போகும், வீடு போகும், சிலவேளை உயிரும் போகும். வாக்களிக்கும் வயதடைந்த கறுப்பினத்தவருள் அக்காலத்தில் வாக்காளர் இடாப்பில் இடம்பெற்றிருந்தோர் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை.

பருத்திக்காட்டுக் கூலியாளான ஃபானி லூ ஹேமர் என்ற பெண்மணி, இருபது பிள்ளைகள் பிறந்த குடும்பத்தில் கடைசிப் பிள்ளை. 1962 ஓகஸ்ட் 31 அன்று வேறு சிலருடன் பதிவு செய்யச் சென்றார். திரும்பி வந்தபோது, பதினெட்டு ஆண்டுகள் உழைத்த தோட்டத்தை விட்டு வெளியேறுமாறு உரிமையாளர் கட்டளையிட்டார். அடுத்த ஆண்டு யூன் மாதம் வினோனா என்னும் ஊரின் சிறையில் அவர் கொடுமையாக அடிக்கப்பட்டார். அவ்வுடற்சேதம் இறுதிவரை அவரை விட்டகலவில்லை.

இளைஞர் வகுத்த வழி

இத்தகைய மண்ணுக்குத்தான் ‘மாணவர் அகிம்சை இணைப்புக் குழு’வைச் சேர்ந்த இளைஞர் வந்து சேர்ந்தனர். அவர்களுள் முதன்மையானவர் பொப் மோசஸ். நியூயோர்க்கில் கணிதம் கற்பித்த ஆசிரியர். கிராமம் கிராமமாகச் சென்று, மேடையேறி முழங்காமல், மக்களின் வீட்டு வாசலில் அமர்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டவர்.

கறுப்பின மக்களுக்கு வாக்களிப்பில் நாட்டமில்லை என்று வெள்ளை அதிகாரிகள் கூறிவந்தனர். இதற்கு விடையாக இளைஞர் 1963 நவம்பரில் தாமே ஒரு மாதிரித் தேர்தலை நடத்தினர். தேவாலயங்களிலும் கடைகளிலும் வாக்குப்பெட்டிகள் வைக்கப்பட்டன. எண்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர்.

அடுத்த படி கட்சி. அக்காலத்தில் மிசிசிப்பியில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராவதே தேர்தலில் வென்றதற்குச் சமம். அக்கட்சியோ வெள்ளையருக்கு மட்டும் உரியதாக இருந்தது. 1964 ஏப்ரல் 26 அன்று ஜக்சன் நகரில் ‘மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி’ உருவாயிற்று. இதன் உறுப்பினர் முதலில் பழைய கட்சியின் உள்ளூர்க் கூட்டங்களுக்கே சென்றனர். பல இடங்களில் கதவு மூடப்பட்டது. மூடப்பட்ட ஒவ்வொரு கதவையும் எழுத்தில் பதிந்து வைத்தனர். பின்னர் தேசியக் கட்சியின் விதிமுறைகளைப் பின்பற்றித் தாமே கூட்டங்கள் நடத்தி, தம் பிரதிநிதிகளைத் தெரிவு செய்தனர். கட்சியின் சட்டப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அக்கட்சியையே கணக்குக் கேட்பது அவர்களின் நோக்கம்.

அந்தக் கோடையில் வட மாநிலங்களிலிருந்து ஆயிரமளவிலான தொண்டர் உதவிக்கு வந்தனர், பெரும்பாலோர் மாணவர். யூன் 21 அன்று மூவர் காணாமற் போயினர். ஜேம்ஸ் சேனி என்ற கறுப்பின இளைஞருக்கு வயது 21. அவருடன் சென்ற அன்ட்ரூ குட்மனுக்கு 20, மைக்கல் ஷ்வேனருக்கு 24. இருவரும் நியூயோர்க்கைச் சேர்ந்த யூத இளைஞர். பொலிஸார் பிடித்து வைத்து, இரவில் விடுவித்து, கொலைகாரர் கையிற் சிக்கச் செய்தனர். நாற்பத்து நான்கு நாட்களின் பின் ஒரு மண் அணைக்கட்டின் அடியில் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அதற்கு இரு நாட்களின் பின், ஓகஸ்ட் 6 அன்று, சுதந்திரக் கட்சியின் மாநில மகாநாடு கூடிற்று. எவரும் பின்வாங்கவில்லை.

அற்லான்ரிக் சிற்றியில்

ஓகஸ்ட் 22 அன்று அற்லான்ரிக் சிற்றி நகரில், பிரதிநிதிகளின் தகைமையை ஆராயும் குழுவின் முன் ஃபானி லூ ஹேமர் சாட்சியமளித்தார். தொலைக்காட்சி அதனை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தது. தென் மாநில வெள்ளையரின் ஆதரவை இழக்க அஞ்சிய ஜனாதிபதி ஜோன்சன், அவ்வேளையில் திடீரெனப் பத்திரிகையாளரைக் கூட்டி, கமராக்களைத் தம் பக்கம் திருப்பினார். எனினும் அன்று மாலையே அச்சாட்சியம் நாடெங்கும் ஒளிபரப்பாயிற்று.

இதன்பின் பேரம் தொடங்கியது. இரண்டு ஆசனங்கள் தரப்படும். அவையும் மிசிசிப்பியின் பெயரில் அல்ல, பொதுவானவை. அவற்றில் அமர்வோர் யார் என்பதையும் மேலிடமே தீர்மானித்துவிட்டது. ஹேமரின் பெயர் அதில் இல்லை. 1968 முதல் இனப்பாகுபாடு காட்டும் குழுக்கள் அனுமதிக்கப்படமாட்டா என்ற வாக்குறுதியும் சேர்க்கப்பட்டது. மூத்த தலைவர் பலர் ஏற்றுக்கொள்ளுமாறு ஆலோசனை கூறினர். அவர்களையும் நாம் குறை கூறுவதற்கில்லை. தேர்தலில் எதிரணி வென்றால் நிலைமை இன்னும் மோசமாகும் என்று அவர்கள் அஞ்சினர். ஆனால் பருத்திக்காட்டிலிருந்து வந்த பிரதிநிதிகள் கூடிப் பேசி மறுத்துவிட்டனர். தம்மை அனுப்பியோருக்கு அவர்கள் என்ன பதில் சொல்வது?

இவ்விடத்தில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கட்சி வேட்பாளரை ஆதரிப்பதாக உறுதியளிக்குமாறு கேட்கப்பட்டபோது, பழைய வெள்ளைப் பிரதிநிதிகளுள் ஒரு சிலரைத் தவிர ஏனையோர் வெளியேறினர். நவம்பர்த் தேர்தலில் மிசிசிப்பியின் வாக்குகளில் 87 வீதம் எதிரணி வேட்பாளருக்கே சென்றது. கட்சிக்கு விசுவாசமாக நின்றவர்கள் வாசலில் நிறுத்தப்பட்டவர்களே.

பின்பு நடந்தவை

தோற்றோம் என்று அவர்கள் வீட்டுக்குள் முடங்கவில்லை. 1965 சனவரியில், மிசிசிப்பியின் ஐந்து உறுப்பினரும் கறுப்பினத்தவரை விலக்கிய தேர்தலில் தெரிவானோர், ஆகவே பதவிக்கு அருகதையற்றோர் என்று பிரதிநிதிகள் சபையில் ஆட்சேபித்தனர். 149 உறுப்பினர் ஆட்சேபத்தின் பக்கம் நின்றனர். 276 பேர் எதிர்த்தனர். தொண்டர் வழக்கறிஞர்கள் மிசிசிப்பிக்குச் சென்று நூற்றுக்கணக்கானோரின் வாக்குமூலங்களைச் சத்தியப் பிரமாணத்துடன் பதிவு செய்தனர். அவ்வாட்சேபம் செப்ரெம்பரில் தள்ளுபடியானது. ஆனால் அதற்குச் சற்று முன், 1965 ஓகஸ்ட் 6 அன்று, வாக்குரிமைச் சட்டம் கையொப்பமாகியிருந்தது. சுதந்திரக் கட்சியின் மாநில மகாநாடு கூடிச் சரியாக ஓராண்டு நிறைந்த நாள் அது. 1967 இல் மிசிசிப்பியின் கறுப்பினத்தவருள் பதிவு செய்தோர் ஏறத்தாழ 60 வீதமாயினர். 1968 சிக்காகோ மகாநாட்டில் பழைய குழு விலக்கப்பட்டு, சுதந்திரக் கட்சியினரையும் உள்ளடக்கிய குழு அமர்ந்தது. ஹேமர் ஆசனத்தில் அமர வந்தபோது மண்டபம் எழுந்து நின்று கரகோஷம் செய்தது.

நீதி முழுமையாகக் கிட்டியது என்று கூறமாட்டோம். அற்லான்ரிக் சிற்றியின் கசப்பு தாளாமல் பல இளைஞர் கட்சி அரசியலையே வெறுத்து விலகினர். மூவரின் கொலை தொடர்பாக 1967 இல் ஏழு பேர் சதிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். எவரும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருக்கவில்லை. கொலையை ஒழுங்கு செய்தவரான எட்கர் ரே கிலன், 2005 யூன் 21 அன்று, கொலை நடந்து நாற்பத்தொரு ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், தமது எண்பதாவது வயதில் குற்றவாளியாகக் காணப்பட்டார். 2013 இல் உயர் நீதிமன்றம் வாக்குரிமைச் சட்டத்தின் முக்கிய பகுதியொன்றைச் செயலிழக்கச் செய்தது. வென்றெடுத்ததையும் காவல் காக்க வேண்டியிருக்கின்றது.

பொப் மோசஸ் பின்னாளில் தன்சானியாவில் சில ஆண்டுகள் கற்பித்துவிட்டுத் தாய்நாடு திரும்பி, வறிய பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கும் பணியில் ஈடுபட்டு, 2021 இல் காலமானார். ஆசிரியத் தொழிலில் இருந்த நமக்கு அவர் வாழ்வு தனியாக நெஞ்சைத் தொடுகின்றது.

கட்சிகளில் இணையும் நம் பிள்ளைகளிடம் ஒரு நாள் எவரேனும் இரண்டு ஆசனங்களை நீட்டக்கூடும். ஏற்பதா மறுப்பதா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். அதற்கு முன், அந்த ஆசனத்தில் அமர்வது யார், அவரைத் தெரிவு செய்தது யார் என்ற இரு கேள்விகளை அவர்கள் கேட்க வேண்டும் என்பதே நம் விருப்பம். அத்துடன், மூடப்படும் கதவுகளைத் திகதியிட்டு எழுதி வைக்கவும் பழகட்டும். மிசிசிப்பி இளைஞர் கையில் அதைவிடப் பெரிய பலம் இருக்கவில்லை.