எழுதிய மெஷினில் மட்டும் ஓடும் தட்டு

அழித்து அழித்து எழுதக்கூடிய ப்ளூ-ரே டிஸ்க் என்று ஒரு வகை உண்டு. உறையில் பிடி-ஆர்ஈ என்று போட்டிருக்கும். எழுதிய டிரைவில் ஜோராக ஓடும். அதையே மச்சினன் வீட்டு பிளேயரில் போட்டால், அரை நிமிஷம் உறுமிவிட்டு 'டிஸ்க் இல்லை' என்று திரையில் எழுதிக் காட்டும். கண்ணெதிரே தட்டை விழுங்கிவிட்டுத் தட்டே இல்லை என்று சாதிக்க ஒரு மெஷினால்தான் முடியும்.

உடனே நாம் இரண்டில் ஒரு முடிவுக்கு வருவோம். டிஸ்க் மட்டம், அல்லது பிளேயர் மட்டம். பெரும்பாலும் இரண்டுமே தப்பு. ஒரு காலத்தில் செக் என்றால் கணக்கு இருக்கும் கிளையில் கொடுத்தால்தான் உடனே பணம். வெளியூர் என்றால் கலெக்‌ஷனுக்குப் போய் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். செக்கிலும் தப்பில்லை, வெளியூர்க் கிளையிலும் தப்பில்லை. இடையில் ஒப்பந்தம் இல்லை, அவ்வளவுதான். அழித்தெழுதும் தட்டுகளின் வரலாறு முழுக்க இந்த ஒப்பந்தம் இல்லாத கதைதான். காமர்ஸ் படித்தவன் லேசர் பற்றி எழுதுகிறேனே என்று பயப்படாதீர்கள். எனக்குப் புரிந்த அளவில்தான் சொல்லப் போகிறேன்.

மங்கலான தட்டு

1982-ல் சோனியும் பிலிப்ஸும் சிடியைக் கடைக்குக் கொண்டு வந்தபோது அது அச்சில் அடித்த தட்டு. மேலே அலுமினியப் பூச்சு. விழுகிற லேசர் வெளிச்சத்தில் சுமார் 70 சதவீதம் திரும்பி வரும். பிளேயரின் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழக்கப்படுத்தப்பட்டது.

அழித்தெழுதும் தட்டுக்கு அலுமினியம் மட்டும் போதாது. அதற்கான விதையைப் போட்டவர் ஸ்டான்ஃபோர்ட் ஒவ்ஷின்ஸ்கி. அமெரிக்காவின் அக்ரன் நகரத்துக்காரர், கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர், காலேஜ் பட்டம் கிடையாது. சில கலவைகள் படிக நிலைக்கும் படிகமில்லாத நிலைக்கும் இடையே மாறி மாறிப் போய் வரும், அதை வைத்துத் தகவலைச் சேமிக்கலாம் என்று காட்டினார். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது 1968-ல். லேசரால் பலமாகச் சூடாக்கிச் சட்டென்று ஆறவிட்டால் அந்த இடம் மங்கும். மிதமாகச் சூடாக்கினால் மறுபடி படிகமாகிப் பளபளப்பு வரும். மங்கல், பளபளப்பு என்று மாறி மாறி வைத்தால் அது எழுத்து. எல்லாவற்றையும் பளபளப்பாக்கினால் அழிப்பு. சிலேட்டுப் பலகை மாதிரிதான்.

இந்த வித்தையில் வந்த சிடி-ஆர்டபிள்யூ 1997-ல் கடைக்கு வந்தது. வெள்ளி, இண்டியம், ஆண்டிமனி, டெல்லூரியம் கலந்த பூச்சு. சிக்கல் என்னவென்றால், இதிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் 15 முதல் 25 சதவீதம்தான். 70-க்குப் பழகிய கண்ணுக்கு இது இருட்டு. அதுவரை விற்றிருந்த பிளேயர்கள் பெரும்பாலும் கையை விரித்துவிட்டன. வெளிச்சம் குறைந்தால் தானாகவே சிக்னலைப் பெருக்கிக்கொள்ளும் சர்க்யூட் தேவைப்பட்டது. அது உள்ள டிரைவ்களுக்கு 1997-ல் 'மல்ட்டிரீட்' என்று ஒரு முத்திரையே கொடுத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. ஆரம்பகால டிவிடி பிளேயர்களில் பல, ஒரே தடவை எழுதும் சிடி-ஆரைப் படிக்காது, ஆனால் சிடி-ஆர்டபிள்யூவைப் படித்துவிடும். சிடி-ஆரின் சாயம் 780 நானோமீட்டர் லேசருக்காகச் செய்தது. டிவிடியின் 650 நானோமீட்டர் லேசருக்கு அந்தச் சாயத்தில் ஒன்றும் தெரியாது. ஆக, 'பழைய டெக்னாலஜி எளிது, புதியது கஷ்டம்' என்ற கணக்கு இங்கே எப்போதும் செல்லாது.

டிவிடியில் கட்சிப் பிளவு

டிவிடி காலத்தில் வெளிச்சப் பிரச்சினையோடு அரசியலும் சேர்ந்தது. 1998-ல் டிவிடி-ராம் வந்தது, கூட்டுக்குள் அடைத்த தட்டு. 1999-ல் பயனியர் கம்பெனியின் டிவிடி-ஆர்டபிள்யூ. சோனி, பிலிப்ஸ், ஹெச்பி கோஷ்டி தனியே போய் டிவிடி+ஆர்டபிள்யூ என்று ஒன்றை உருவாக்கி 2001-ல் சந்தைக்கு விட்டது. நடுவில் இருப்பது கழித்தல் குறியா கூட்டல் குறியா என்று பார்த்து வாங்க வேண்டிய நிலைமை. திராவிடக் கட்சிகளின் பெயரில் எழுத்துக்களை எண்ணிப் பழகிய நமக்கு இது பெரிய கஷ்டமில்லை.

அழித்தெழுதும் டிவிடியிலிருந்து திரும்பும் வெளிச்சம் 18 முதல் 30 சதவீதம். இரண்டு அடுக்கு சினிமா டிவிடிக்கும் அதே அளவுதான். அதனால் சில பிளேயர்கள் இதை இரண்டு அடுக்குத் தட்டு என்று நினைத்துக்கொண்டு, இல்லாத இரண்டாவது அடுக்கைத் தேடித் தேடிக் களைத்துப் போயின. இதற்குக் கூட்டல் கோஷ்டி ஒரு மாறுவேடம் கண்டுபிடித்தது. தட்டின் ஆரம்பத்தில் 'நான் இன்ன வகை' என்று ஒரு குறிப்பு இருக்கும். அதில் 'நான் அச்சடித்த டிவிடி' என்று மாற்றி எழுதிவிடுவது. தட்டு அதே தட்டுதான், ஆனால் பல பிளேயர்கள் கதவைத் திறந்துவிட்டன.

ப்ளூ-ரேயில் தலைகீழ்

ஜப்பானில் நிச்சியா என்ற கம்பெனியில் ஷூஜி நாகமுரா 1993-ல் பிரகாசமான நீல எல்ஈடியைக் கொண்டு வந்தார். அடுத்த சில வருஷங்களில் ஊதா-நீல லேசரும் வந்தது. (2014-ல் நீல எல்ஈடிக்காக அகாசாகி, அமானோ இருவரோடு இவருக்கும் நோபல் பரிசு.) அலைநீளம் 405 நானோமீட்டர். பேனா முனை மெலிந்தால் அதே பக்கத்தில் நிறைய எழுதலாம் இல்லையா? டிவிடியில் ஒரு அடுக்கில் 4.7 ஜிபி, ப்ளூ-ரேயில் 25 ஜிபி.

2002 பிப்ரவரி 19 அன்று ஒன்பது கம்பெனிகள் சேர்ந்து ப்ளூ-ரேயை அறிவித்தன. பலருக்குத் தெரியாத விஷயம் இனிதான். ப்ளூ-ரேயில் முதலில் வந்தது சினிமாத் தட்டு இல்லை, அழித்தெழுதும் தட்டுதான். 2003 ஏப்ரல் 10 அன்று சோனி ஜப்பானில் பிடிஇஸட்-எஸ்77 என்ற ரெக்கார்டரை வெளியிட்டது. விலை நாலரை லட்சம் யென். அங்கே 2000 டிசம்பரிலேயே சாட்டிலைட்டில் ஹைடெஃபினிஷன் ஒளிபரப்பு தொடங்கிவிட்டது. அதை ரெக்கார்டு செய்ய டிவிடியில் இடம் போதாது. அந்தத் தேவைக்குப் பிறந்த பிள்ளை இது. ப்ளூ-ரேயில் சினிமாக்கள் வந்ததோ 2006 ஜூனில், மூன்று வருஷம் கழித்து.

சிடியிலும் டிவிடியிலும் அழித்தெழுதும் தட்டு கடைசியாக வந்து கதவைத் தட்டிய விருந்தாளி. இங்கே அதுதான் மூத்த பிள்ளை. அப்படியானால் எல்லா பிளேயரும் அதை மதிக்க வேண்டுமே? நடந்தது வேறு.

முதல் பதிப்புத் தட்டு 23 ஜிபி. ப்ளூ-ரேயின் மேல்பூச்சு 0.1 மில்லிமீட்டர்தான் என்பதால் கீறலுக்குப் பயந்து பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்திருந்தார்கள். 2004-ல் டிடிகே கம்பெனி கீறல் விழாத கடினப் பூச்சைக் காட்டியது, கூடு தேவையில்லாமல் போயிற்று. 2005-ல் வந்த இரண்டாம் பதிப்பில் தட்டு கூடில்லாமல் வந்தது. ஃபைல்களை அடுக்கும் முறையும் மாறியது. கம்ப்யூட்டர்களுக்கும் பொதுவான யுடிஎஃப் 2.5 என்ற முறையும், ஏஏசிஎஸ் என்ற பூட்டும் சேர்ந்தன. அதன்பின் வந்த பிளேயர்களின் தட்டுவாயில் பழைய கூடு நுழையாது. கூட்டைப் பிரித்துத் தட்டை எடுத்தாலும் உள்ளே இருக்கும் அடுக்குமுறை அவற்றுக்குப் புரியாது. நாலரை லட்சம் யென் கொடுத்து முதல் ஆளாக வாங்கியவர்களின் ரெக்கார்டிங்குகள் அந்த ஒரே மெஷினோடு கட்டப்பட்டுப் போயின.

ஒரு நல்லது நடந்தது. அழித்தெழுதும் தட்டையும் மனதில் வைத்தே லேசரும் லென்ஸும் வடிவமைக்கப்பட்டதால், ஒரு அடுக்கு பிடி-ஆர்ஈயின் மங்கல் பெரிய தடையாக இல்லை. இரண்டு அடுக்கு சினிமா ப்ளூ-ரேயும் ஏறக்குறைய அதே வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. அதைப் படிக்கும் கண்ணுக்கு இதுவும் தெரியும். ஆக, பழைய தகராறு வெளிச்சத்தில் இருந்தது. ப்ளூ-ரேயில் அது மொழிக்கு இடம் மாறியது. பிளேயருக்குத் தட்டு தெரிகிறது, எழுதியிருப்பது புரியவில்லை.

எங்கே தேடுவது

இந்த வரலாறு தெரிந்தால் கோளாறு பார்ப்பது சுலபம். வரிசையாகச் சொல்கிறேன்.

1. மறுக்கிற பிளேயரில் கடையில் வாங்கிய சினிமா ப்ளூ-ரேயைப் போடுங்கள். ஓடாவிட்டால் லென்ஸில் கோளாறு, டிஸ்க்கை விட்டுவிடலாம். ஓடினால், பிடி-ஆர்ஈயை வேறொரு கம்ப்யூட்டர் டிரைவில் போடுங்கள். அங்கே படித்தால் தட்டு நல்ல தட்டு, சிக்கல் மொழியில்.

2. பிளேயரின் கையேட்டில் எந்தெந்த டிஸ்க் ஓடும் என்ற பட்டியல் இருக்கும். பிடி-ஆர்ஈ அதில் இல்லாவிட்டால் முயற்சியே வீண். மூன்று அடுக்கு, 100 ஜிபி என்றால் அது 2010-ல் வந்த பிடிஎக்ஸ்எல் வகை. பழைய பிளேயர்களுக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு அடுக்கு பிடி-ஆர்ஈ ஒரு அடுக்கைவிட மங்கல். அதனால் 50 ஜிபியில் மறுத்த பிளேயர் 25-ல் சம்மதிக்கலாம்.

3. டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் திறந்து ஃபோல்டர் பெயரைப் பாருங்கள். பிடிஎம்வி என்றால் சினிமா முறை, பெரும்பாலான பிளேயர்களுக்குப் புரியும். பிடிஏவி என்றால் டிவி ரெக்கார்டர்களின் முறை. ஜப்பானுக்கு வெளியே விற்ற பிளேயர்கள் பல இதைத் தொடுவதில்லை. இரண்டும் இல்லாமல் வெறும் வீடியோ ஃபைல்கள் என்றால் அது டேட்டா டிஸ்க். சினிமா மட்டும் தெரிந்த பிளேயருக்கு அது குப்பை.

4. யுடிஎஃப் பதிப்பு. கம்ப்யூட்டரில் பெரிய பென்டிரைவ் மாதிரி இழுத்துப் போட்டு எழுதினால், அது வேறு பதிப்பில் ஃபார்மட் ஆகியிருக்கலாம். பிளேயர் எதிர்பார்ப்பது 2.5. இதன் மறுபக்கம், விண்டோஸ் எக்ஸ்பி 2.01 வரைதான் தானாகப் படிக்கும்; 2007-ல் கடைக்கு வந்த விஸ்டாதான் 2.5-ஐக் கற்றுக்கொண்டது. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் தட்டு காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம்.

5. 'ஃபைனலைஸ்' பட்டனைத் தேடி அலையாதீர்கள். அது சிடி, டிவிடி காலத்துப் பழக்கம், பிடி-ஆர்ஈக்குத் தேவையில்லை.

6. டிவி நிகழ்ச்சியை ரெக்கார்டர் பூட்டுப் போட்டுப் பதிந்திருந்தால், அந்தப் பூட்டு தெரியாத பிளேயர் திறக்காது.

7. இத்தனைக்குப் பிறகும் இரண்டு மூன்று டிரைவ்களில் திக்கினால்தான் தட்டு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஆயிரம் தடவைக்கு மேல் அழித்தெழுதலாம் என்பது கணக்குக்குத்தான். முழு ஃபார்மட் செய்து பார்க்கலாம். ஆனால் உள்ளே இருப்பதை முதலில் காப்பி எடுத்துவிட்டு!

எங்கள் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம். தாத்தாவின் சதாபிஷேக வீடியோவை ஸ்டூடியோக்காரர் நாலு பிடி-ஆர்ஈயில் கொடுத்துவிட்டார். எந்த பிளேயரிலும் ஓடவில்லை. அழிந்துவிட்டது என்றே முடிவு கட்டியிருந்தார்கள். மாமி அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரல் இறங்கிவிடும், ஏனென்றால் தாத்தா இப்போது இல்லை. போன மாதம் மூன்றாவது விதிப்படி பார்த்தோம். டேட்டா டிஸ்க்! கேமராவிலிருந்து வந்த ஃபைல்கள் அப்படியே இருந்தன. ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, யூஎஸ்பி வழியாக டிவியில் போட்டோம். தட்டு கெட்டிருக்கவே இல்லை, யாரும் அதன் மொழியில் கேட்கவில்லை.

அவகாசம் குறைகிறது

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் ஊரில் இந்தத் தொழிலின் பெரிய பெயர் மோசர் பேயர். 1983-ல் தொடங்கி, ஃப்ளாப்பி செய்து, 1999-ல் சிடி-ஆருக்கு வந்து, உலகின் பெரிய டிஸ்க் தயாரிப்பாளர்களில் ஒன்றாக வளர்ந்த கம்பெனி. 2007-ல் 34 ரூபாய்க்கு சினிமா டிவிடி விற்று எல்லோரையும் திகைக்க வைத்தது. 2018 செப்டம்பரில் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. பானாசோனிக் எழுதக்கூடிய ப்ளூ-ரே தட்டுகள் தயாரிப்பதை 2023 பிப்ரவரியில் நிறுத்தியது. 2003-ல் முதல் மெஷினை விற்ற சோனியே 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. தட்டு கெடுவதற்கு முன்னால் அதைப் படிக்கும் டிரைவ் கிடைக்காமல் போகும் போலிருக்கிறது.

வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி. வாடிக்கையாளரிடம் ஒன்று, எங்களிடம் ஒன்று. ஒன்று தொலைந்தால் லாக்கரை உடைக்க ஆள் வருவார். டிஸ்க்குக்கும் இரண்டு சாவிதான், தட்டும் டிரைவும். டிரைவ் தொலைந்தால் உடைத்துத் திறக்க ஆள் கிடையாது.

வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டம் 1891-ல் வந்தது. 2000-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் வழியாக அதைத் திருத்தியபோது, ஃப்ளாப்பி, டிஸ்க், டேப்பில் உள்ள கணக்கின் அச்சுப் பிரதியையும் வங்கிப் புத்தகமாக ஏற்றார்கள். கூடவே மேலாளரின் சான்றிதழும், கம்ப்யூட்டர் பொறுப்பாளரின் சான்றிதழும் வேண்டும் என்றார்கள். கோர்ட்டில் தட்டை நீட்டினால் போதாது. படித்துக் காட்ட வேண்டும், பொறுப்பேற்கவும் ஒருவர் வேண்டும். வீட்டு வீடியோவுக்கும் அதே விதிதான். பொறுப்பாளர் நீங்கள்.

பரணில் இருக்கும் டிஸ்க்குகளை இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்குங்கள். எழுதிய டிரைவ் இன்னும் உயிரோடு இருந்தால் அதிலேயே போட்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி, வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் இன்னொரு காப்பி. மற்ற பிளேயரில் ஓடுகிறதா என்ற ஆராய்ச்சியை அப்புறம் நிதானமாக வைத்துக்கொள்ளலாம்.