மூணாம் சிலிண்டர்

தெரணியகலைப் பக்கம் எங்கள் நண்பன் வீட்டு முற்றத்தில் 1960ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒன்று நிற்கிறது. நம்பர் தட்டின் நடுவே சிங்கள ஸ்ரீ. 1958இல் அந்த எழுத்து எவ்வளவு பெரிய போராட்டத்தைக் கிளப்பியது என்பதற்கு தனிக் கட்டுரையே வேண்டும். இப்போதைய பிரச்சினை வேற: வண்டி ஏத்தத்தில் இழுக்கவில்லை. டவுனில் ஒரு கராஜில் காட்டினால், "ரிங் போயிட்டு, என்ஜினை இறக்கணும்" என்றார்கள். செலவைக் கேட்ட நண்பனின் அப்பா, வண்டியை இரும்புக்குக் கொடுக்க ஆள் பார்த்துவிட்டார்.

"அவசரப்படாதீங்க மாமா, முதல்ல கம்ப்ரஷன் பார்ப்போம்" என்று நாங்கள் ஒரு கேஜை இரவல் வாங்கப் போனோம். திரும்பி வருவதற்குள் நண்பனின் தாத்தா பொனட்டைத் திறந்து, பிளக்குகளைக் கழற்றி, ஓட்டை ஓட்டையாகப் பெருவிரலை வைத்துப் பார்த்திருந்தார். பேரன் ஸ்டார்ட்டரை இழுத்திருக்கிறான். "மூணாவதுதான். விரலைத் தள்ளவே மாட்டேங்குது" என்றார். நாங்கள் தலையாட்டினோம், நம்பவில்லை.

கேஜ் வேலை கஷ்டமில்லை. பிளக்கை மறுபடி மாட்டி என்ஜினைச் சூடாக்கினோம். பிறகு நாலு பிளக்கையும் கழற்றி, கொயில் வயரையும் எடுத்துவிட்டோம். ஒருத்தன் அக்சிலேட்டரை முழுசா மிதித்தபடி ஸ்டார்ட்டரை இழுக்க, இன்னொருத்தன் கேஜை ஓட்டையில் அழுத்திப் பிடித்தான். முள் ஏறி நிற்கிற இடத்தைக் குறித்தோம். 135, 130, 85, 135 பி.எஸ்.ஐ. இதில் எண்ணைவிட வித்தியாசம்தான் முக்கியம். நாலும் ஒரேயடியாகக் குறைந்திருந்தால் வயசுத் தேய்மானம் என்று விடலாம். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் அங்கே ஏதோ ஒழுகுகிறது.

மூணாம் ஓட்டையில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஒயில் விட்டு மறுபடி பார்த்தோம். ரிங் தேய்ந்திருந்தால் ஒயில் இடுக்கை அடைத்து முள் நன்றாக மேலே போயிருக்கும். 90தான் வந்தது. அப்போ ரிங் இல்லை, வால்வ். தாத்தா சிரிக்கக்கூட இல்லை.

வால்வ் ஏன் போனது என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இந்த ஏ-சீரிஸ் என்ஜின் 1951இல் ஒஸ்டின் ஏ30 வண்டியோடு வந்தது. அப்போது பெற்றோலில் ஈயம் இருந்தது. 1921இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த கலவை அது. வால்வ் உட்காரும் இரும்பு விளிம்புக்கு மெத்தை மாதிரி. நடு இரண்டு சிலிண்டருக்கும் எக்ஸோஸ்ட் வழி ஒன்றுதான் என்பதால் அங்கேதான் சூடு அதிகம். 2002இல் இலங்கை ஈயப் பெற்றோலை நிறுத்தியது. பிள்ளைகளின் மூளைக்கு விஷமான சாமான் போனது நல்லதுதான், அதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் மெத்தை போனபின் வால்வ் கொஞ்சம் கொஞ்சமாக இரும்புக்குள் இறங்கும்; டெப்பட் இடைவெளி மறையும்; வால்வ் முழுசா மூடாது. கவரைத் திறந்து பார்த்தோம். 12 தௌ இருக்க வேண்டிய இடத்தில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை.

இவ்வளவு பழைய என்ஜின் இன்னும் ஓடுவது பாசத்தால் மட்டும் இல்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களிலிருந்து 1977 வரை புது வண்டி இறக்குவது பெரும்பாடு. பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை மறுபடி நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இருப்பதைப் பழுதுபார்த்தே ஓட்ட வேண்டிய நாடு இது.

பழுதுபார்த்த கைகள் யாருடையவை? தாத்தா 1960களில் துரையின் காருக்குக் கிளீனர், அப்புறம் டைவர். அதுவும் மொரிஸ் மைனர்தான், இது அல்ல. அவர் கையில் யாரும் கேஜ் கொடுக்கவில்லை, அதனால் விரல். 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர்களாக்கிய இலட்சக்கணக்கானோரில் அவரும் ஒருவர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவருடைய அண்ணன்மார் இரண்டு பேரும் கப்பலேறிவிட்டார்கள். இவர் இங்கேயே இருந்தார். குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் கிடைத்தது.

இந்த வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஓட்டியவர், கழுவியவர், வால்வ் தேய்த்தவர் யாருக்கும் அதில் இடமில்லை. நாங்களும் தோட்ட வரலாறு என்றால் கொழுந்தையும் பால்வெட்டையும்தான் எழுதி வந்திருக்கிறோம். ஃபெக்டரி என்ஜின் பார்த்தவரிடமோ லொறி ஓட்டியவரிடமோ இதுவரை ஒருவரிடமும் உட்கார்ந்து கேட்டதில்லை.

ஹெட்டைக் கழற்றி, கடினமான சீட் ரிங் போட அவிசாவளையில் ஒரு லேத்துக்கு அனுப்பியிருக்கிறோம். என்ஜினை இறக்குவதற்குக் கேட்ட காசில் சிறு பங்குதான் ஆகும். மாமா இன்னும் இரும்புக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை.