மனஸ்தாபம்: சொல்லும் பொருளும்

"அவ்விருவருக்கும் மனஸ்தாபம்" என்றால், அவர்களிடையே பேச்சுவார்த்தை இல்லை என்று ஊரார் பொருள் கொள்வர். "உத்தம மனஸ்தாப மந்திரம்" என்றாலோ, செய்த பாவத்திற்காக இறைவன்முன் வருந்தும் செபம் என்பதை மறைக்கல்வி பயிலும் சிறுவரும் அறிவர். ஒரே சொல்லுக்கு இவ்விரு பொருளும் வந்தது எங்ஙனம்?

'மனஸ்' என்பது மனம். 'தாபம்' என்பது வெப்பம். தவறு செய்தவன் தனக்குள் வெந்து வருந்துவதை வடமொழியில் இச்சொல் குறிக்கும். அனுதாபம், பச்சாத்தாபம் ஆகியவை இதன் உடன்பிறப்புகள். 'அனு', 'பச்சாத்' இரண்டும் 'பின்' என்னும் பொருளுடையவை. எனவே, செயலுக்குப் பின் நெஞ்சில் எழும் எரிவையே அவ்விரு சொற்களும் முதலில் உணர்த்தின.

இலத்தீன் திருச்சபை வேறோர் உவமையைக் கையாண்டது. 'கொந்திரீசியோ' என்றால் அரைத்துப் பொடியாக்குதல். 51-ஆம் திருப்பாடல் பேசும் நொறுங்கிய உள்ளத்தையே இது நினைவூட்டுகிறது. பெரிய துண்டுகளாக உடைவது வேறு, துகள்களாக நொறுங்குவது வேறு என்று தூய தோமா அக்குவினார் இதனை விளக்கினார். 1551-இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் இதற்கு இலக்கணம் வகுத்தது: செய்த பாவத்திற்காக உள்ளத்தில் எழும் துயரம், அப்பாவத்தின்மீது வெறுப்பு, இனிப் பாவம் செய்வதில்லை என்னும் உறுதி. இறையன்பினால் நிறைவுறும் துயரமே உத்தமமானது.

இலத்தீனில் நொறுங்கிய உள்ளம் தமிழில் எரியும் உள்ளமாயிற்று, பொருள் குன்றவில்லை. ஆயினும் அன்றாட வழக்கில் தாபச் சொற்கள் மூன்றும் திசை மாறின. அனுதாபம் பிறர் துன்பத்திற்கு இரங்குவதாயிற்று. பச்சாத்தாபமும் பலர் பேச்சில் இரக்கத்தையே குறிக்கலாயிற்று. மனஸ்தாபமோ பிறர்மீது கொள்ளும் கசப்பாயிற்று. தன் குற்றத்தைச் சுட்ட நெருப்பு அயலாரை நோக்கித் திரும்பிவிட்டது. தன்னைச் சுடும் நெருப்பைத் தாங்குவதைவிட, பிறருக்காக இரங்குவதும் பிறர்மேல் கசப்பதும் எளிதன்றோ!

இன்று சில செபநூல்கள் இம்மந்திரத்தை 'மனத்துயர் செபம்' என்று எளிய தமிழில் வழங்குகின்றன, நன்று. எனினும் பழைய பெயர் ஓர் உண்மையைத் தன்னுள் காத்து நிற்கிறது. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வருகையில், சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் உண்டென நினைவுற்றால், முதலில் சென்று அவனோடு ஒப்புரவாகுமாறு ஆண்டவர் பணித்தார் (மத்தேயு 5:23-24). அயலாரோடுள்ள மனஸ்தாபம் தீர வேண்டுமாயின், மனஸ்தாபம் முதலில் தன் பழைய இருப்பிடமாகிய நம் நெஞ்சிற்குத் திரும்பியாக வேண்டும்.