தேறல்: அரிக்கமேட்டுச் சாடிகளும் வெண்மதுச் சுவையும்

சங்க காலத்தில் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து தமிழகத்துக்குத் திராட்சை மது வந்தது. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு இதற்கு முக்கியச் சான்றாகும். அந்த மதுவைத் தமிழர் அருந்தினரா, அதன் தரத்தை எவ்வாறு மதித்தனர் என்ற கேள்விகளுக்குச் சாடித் துண்டுகளையும் சங்கப் பாடல்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

அரிக்கமேட்டுச் சாடிகள்

1944-ல் மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியக அலமாரி ஒன்றில் ஆம்போரா எனும் சாடியின் துண்டைக் கண்டார். அது அரிக்கமேட்டிலிருந்து வந்தது என அறிந்து, 1945-ல் அங்கே அகழாய்வு நடத்தினார். பின்னர் பிரெஞ்சு ஆய்வாளர் கசால் (1947–50), விமலா பெக்லி (1989–92) ஆகியோரும் அங்கே அகழ்ந்தனர்.

ஆம்போரா என்பது இரண்டு கைப்பிடிகளும் கூம்பிய அடியும் கொண்ட சுடுமண் சாடி. மது கசியாதிருக்க உட்புறம் பிசின் பூசுவர். அரிக்கமேட்டில் கிடைத்தவற்றில் கிரேக்கத்தின் கோஸ் தீவுப் பாணிச் சாடிகள் குறிப்பிடத்தக்கவை. கோஸ் மக்கள் மதுவில் கடல்நீர் கலந்தனர் என்றும், வெள்ளைத் திராட்சைச் சாற்றில் அவ்வாறு செய்தது 'வெண்கோஸ்' என்னும் பொருளுடைய பெயர் பெற்றது என்றும் பிளினி எழுதியுள்ளார். ஆகவே கோஸ் மதுவில் உப்பும் பிசின் வாசமும் இருந்திருக்கும்.

அருந்தியவர் யார்?

வீலர் அரிக்கமேட்டை யவன வணிக நிலையமாகக் கருதினார். ரோமானிய வணிகத்துக்கு முன்பே அங்கே மக்கள் வாழ்ந்தனர் என்பதைப் பெக்லியின் ஆய்வு காட்டியது. எனினும் குடித்தவர் யார் என்பதை உடைந்த சாடி சொல்லாது. அதைப் புறநானூறு சொல்கிறது. அதன் 56-ஆம் பாடலில் நக்கீரர், பாண்டியன் நன்மாறன் யவனர் கொணர்ந்த மதுவைப் பொற்கலத்தில் அருந்தி மகிழ வேண்டும் என வாழ்த்துகிறார். முசிறியில் இறக்குமதியான மது அதிகமில்லை என்கிறது 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல். எனவே அது சந்தைச் சரக்கை விட, செல்வர் விரும்பிய அரும்பொருளாகவே இருந்திருக்க வேண்டும்.

சுவையை மதித்த சொற்கள்

அப்பாடல் அந்த மதுவைத் தேறல் என்கிறது. தேறல் என்றால் தெளிந்த மது. தெளிவே அதன் முதல் இலக்கணம். குளிர்ச்சியும் நறுமணமும் அதற்குச் சொல்லப்படும் மற்ற இரு சிறப்புகள். மலைவாழ் குறவர் மூங்கில் குழாயில் முதிரவைத்த தேறலைத் திருமுருகாற்றுப்படை குறிப்பிடுகிறது. ஆக தெளிவு, குளிர்ச்சி, மணம், முதிர்ச்சி என்னும் நான்கு அளவுகோல்கள் தமிழில் இருந்தன.

பிரெஞ்சு வெண்மது

1674 முதல் 1954 வரை, இடையிடையே கைமாறினாலும், புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அவர்களின் நாட்டில் வெண்மதுவைச் சுவைக்கும் முறை மேற்சொன்ன அளவுகோல்களை ஒத்தது. முதலில் கோப்பையைச் சாய்த்து வெள்ளைத் துணிக்கு எதிரே நிறமும் தெளிவும் பார்ப்பர். பிறகு மெல்லச் சுழற்றி முகர்வர். கடைசியாக ஒரு வாய் எடுத்து நாவில் நிறுத்தி, புளிப்பும் இனிப்பும் இணைந்துள்ளனவா, விழுங்கிய பின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிப்பர்.

இதில் குளிர்ச்சி நுட்பமானது. சப்லி போன்ற வெண்மதுவை ஏறக்குறைய 10 முதல் 12 பாகை செல்சியசில் பரிமாறுவர். மிகவும் குளிர்ந்தால் மணம் அடங்கும்; சூடேறினால் சாராய நெடி மேலோங்கும். குளிர்ச்சியும் மணமும் ஒருசேர அமைவது எளிதல்ல என்பதால், நக்கீரர் அவ்விரண்டையும் இணைத்துச் சொன்னது பொருள் நிறைந்தது.

சார்டனே திராட்சையால் ஆன சப்லி, சிப்பிப் புதைபடிவங்கள் நிறைந்த சுண்ணாம்பு மண்ணில் விளைவது. அதில் உப்பின் சாயலை உணர்வதாகச் சுவைஞர் கூறுவர். ஆனால் கோஸ் மதுவைப் போல அதில் கடல்நீர் சேர்ப்பதில்லை. சோத்தேர்ன் என்னும் இனிப்பு வெண்மதுவுக்குப் பூஞ்சை படிந்து சுருங்கிய திராட்சையைப் பறிப்பர். 1855-ஆம் ஆண்டுத் தரப்பட்டியலில் இவ்வகையில் 'ஷாத்தோ திக்கெம்' மட்டுமே தனி முதலிடம் பெற்றது.

பாராட்டும் கண்டனமும்

தேறலைப் போற்றிய தமிழிலேயே கள்ளுண்ணாமைக்குத் திருக்குறள் தனி அதிகாரம் (93) வகுத்தது. சங்கப் பாடல்களில் மது விருந்தோம்பலின் அடையாளம். குறளில் அது அறிவை மயக்குவது. தமிழரின் மது வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டில் ஒன்றை மட்டும் காட்டினால் அது அரைகுறையாகவே இருக்கும்.