ஆனைமலையும் தொடக்கப்பள்ளி வரலாற்றுப் பாடமும்

முன்னுரை

சிறார்க்கு வரலாறு எங்ஙனம் அறிமுகமாதல் வேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகட்கு மட்டும் உரிய வினா அன்று. இலக்கியமும் கல்வெட்டும் ஆராய்வோர்க்கும் அதன்கண் பங்குண்டு. பல்கலைக்கழக வகுப்பில் யாம் காணும் இடர்ப்பாடு ஒன்று தொடக்கப்பள்ளியிலேயே வேர் கொள்வதாகும். புராணச் செய்தியையும் கல்வெட்டுச் செய்தியையும் ஒரே நிறையினவாகக் கொள்வோர் மாணாக்கருள் ஒரு சாரார். புராணம் என்ற அளவிலேயே அதனைப் பொய்யென்று தள்ளுவோர் மற்றொரு சாரார். இரு சாராரும் சான்றினை எடைபோடப் பயிலாதவரே. அப்பயிற்சியை எட்டு, ஒன்பது வயதிலேயே தொடங்கலாம் என்பதும், மதுரை வட்டாரத்தில் அதற்கு ஆனைமலை ஒன்றே போதும் என்பதும் எம் கருத்து. அதனை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டை நிலை

சென்னை மாகாணத்துக் கல்விநிலையை அறிய ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்டார். அதற்கிணங்க மதுரை ஆட்சியர் ரௌஸ் பீட்டர் 1823-இல் அனுப்பிய கணக்கில் 844 பள்ளிகளும் 13,781 மாணாக்கரும் காணப்படுகின்றனர். அவருள் பெண்கள் 105 பேரே. அக்காலத் திண்ணைப் பள்ளிகளில் எழுத்தும் எண்சுவடியும் நீதிநூல்களும் பயிற்றப்பட்டன. வரலாறு தனிப் பாடமாக இல்லை. பழமை பற்றிய அறிவைச் சிறார் பாட்டியர் வாய்மொழியாலும் திருவிழாவாலும் கோயிற் சிற்பத்தாலும் பெற்றனர்.

புதுமுறைப் பள்ளிகள் பெருகியபின் வரலாறு பாடமாயிற்று. கதையாகக் கேட்டுவந்த பழமையை மன்னர் பெயரும் ஆண்டும் அடங்கிய பட்டியலாக மாணவர் மனப்பாடம் செய்யலாயினர். முன்னைய முறையிலும் பின்னைய முறையிலும் ஒரு குறை பொதுவாக உள்ளது. 'இஃது எப்படித் தெரியும்?' என்று கேட்கச் சிறார்க்கு இடமில்லை என்பதே அக்குறை.

இன்று தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்பு முதல் சமூக அறிவியல் பயிற்றப்படுகின்றது. நூல்கள் படங்களோடும் செயற்பாடுகளோடும் செம்மையுற்றுள்ளன. ஆயினும் மாநிலம் முழுமைக்கும் பொதுவாகிய நூல், ஒத்தக்கடைப் பள்ளியின் பலகணி வழியே தெரியும் மலையைப் பற்றி விரித்துரைத்தல் இயலாது. அஃது ஆசிரியர் கடமையாக எஞ்சி நிற்கின்றது.

மலை ஒன்று, சான்று பல

மதுரைக்கு வடகிழக்கே, மேலூர்ச் சாலையை ஒட்டிப் படுத்திருக்கும் யானைபோல் தோன்றுவது ஆனைமலை. இதனைப் பற்றி வட்டாரச் சிறார் முதற்கண் கேட்பது திருவிளையாடற் கதையாகும். சோழனுக்காகச் சமணர் வேள்வியில் தோற்றுவித்த யானை மதுரையை அழிக்க வந்தது. சோமசுந்தரர் நாரசிங்கக் கணை எய்து அதனை வீழ்த்தினார். வீழ்ந்த யானை மலையாயிற்று. யானை எய்த படலம் கூறும் செய்தி இது. நாகமலைக்கும் பசுமலைக்கும் இவ்வாறே படலங்கள் உள.

இனி, மலையிலேயே உள்ள சான்றுகளைக் காண்போம். இங்குள்ள இயற்கைக் குகைத்தளம் ஒன்றில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உள்ளது. அது கிறித்து ஊழியின் தொடக்கத்தை ஒட்டியது. அதில் இம்மலை 'இவகுன்றம்' எனப்படுகின்றது. 'இபம்' என்பது யானையைக் குறிக்கும் சொல்லாதலின் இப்பெயர் யானைக்குன்று எனப் பொருள்படும் என்பர் அறிஞர். இரண்டாவது சான்று நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன்காரி இதனைக் குடைவித்தான். பணி நிறைவுறுமுன் அவன் இறந்துபடவே, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து நிறைவு செய்தான். கல்வெட்டுத் தரும் கலியாண்டு கி.பி. 770-க்கு நேராகும். மூன்றாவது சான்று பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர், இயக்கியர் உருவங்கள். அவற்றின்கீழ் வட்டெழுத்துப் பொறிப்புகள் உள. அச்சணந்தி என்னும் சமணத் துறவியின் பெயரும் அவற்றுள் உண்டு. இவை கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டினவாகக் கருதப்படுகின்றன.

கதையை இச்சான்றுகளோடு ஒப்பிடின் ஓர் உண்மை புலனாகும். யானை வடிவு, சமணர் உருவங்கள், நரசிங்கர் கோயில் ஆகிய மூன்றும் மலைக்கு வருவோர் எவர்க்கும் கட்புலனாவன. இம்மூன்றும் ஓரிடத்தே அமைந்தமைக்குக் காரணம் கூற எழுந்ததே புராணக் கதை எனக் கொள்ளலாம். அதாவது கதையும் ஒரு விளக்கமே. கண்ட பொருள்களைக்கொண்டு முன்னோர் ஒருவகை விடை கூறினர். ஆகலின் அதனை இகழ்தல் வேண்டா. ஆயின் நிகழ்ச்சிகளின் முறைவைப்பு வேறு. யானைப் பெயர் மிகப் பழையது. சமணர் உறையுள் அதனோடு ஒத்த பழமையது. கோயில் எட்டாம் நூற்றாண்டினது. சமண உருவங்கள் கோயிலுக்கும் பிற்பட்டவை. பரஞ்சோதி முனிவர் நூல் அதற்கும் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது.

வகுப்பறை முறை

இம்முறைவைப்பைச் சிறார் உணர்தல் கூடுமா? ஆண்டுத்தொகை அவர்க்குப் பொருள்படாது என்பது உண்மையே. 'முன், பின்' என்பன பொருள்படும். தலைமுறை ஒன்றுக்கு 25 ஆண்டு எனக் கொண்டு, ஒரு கயிற்றில் தலைமுறைக்கு ஒரு முடிச்சு இடச் செய்க. முதல் முடிச்சு தாய் தந்தையர். இரண்டாவது பாட்டன் பாட்டியர். ஐம்பதாம் முடிச்சு மாறன்காரியின் காலத்தை அணுகும். எண்பதாம் முடிச்சில் பிராமி எழுத்துப் பொறித்தவர் நிற்பர். முடிச்சைத் தம் கையால் இட்ட சிறுவர் காலத்தின் நீளத்தை மறவார். பிராமிக் ககரம் கூட்டற்குறி வடிவினது. அதனைப் பலகையில் எழுதிக் காட்டின் சிறார் உடனே எழுதுவர். எந்தப் பாடமும் உண்மை கெடாத வடிவில் எவ்வயதினர்க்கும் பயிற்றத்தகும் என ஜெரோம் புரூனர் 1960-இல் உரைத்தது இங்கு நினைக்கத்தகும்.

கீழடியிலும் இதே நெறி வேண்டும். 2023-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்திற்குச் செல்லும் சிறார் 'எவ்வளவு பழமை' என்பதை மட்டும் கேட்டு மீள்வது போதாது. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிப்பொருள் கி.மு. 580 எனக் காலங் கணிக்கப்பட்டது. கலையாத மண்ணில் அடியில் உள்ளது முந்தியது, மேலே உள்ளது பிந்தியது என்பதனை அவர்கள் அறிதல் வேண்டும். பெருமிதம் அதன்பின் தானே வரும். சான்றறியாப் பெருமிதம் முதல் மறுப்பிலேயே சினமாக மாறும்.

இடர்மிக்க பகுதி

யானைக் கதையில் சமணர் பகைவராக வருகின்றனர். மதுரையில் சமணர் கழுவேறினர் என்னும் பெரியபுராணச் செய்தியும் சிறார் செவிக்கு எட்டுவதே. அந்நிகழ்ச்சியின் வரலாற்றுண்மை பற்றி அறிஞரிடையே ஒத்த முடிவு இல்லை. ஆசிரியர் அதனை மெய்யென்றோ பொய்யென்றோ ஒன்பது வயதினர்முன் தீர்ப்புரைத்தல் தகாது. ஐயமற்ற செய்தி ஒன்று உண்டு. ஞானசம்பந்தர் வாழ்ந்தது ஏழாம் நூற்றாண்டு. அதற்கு இருநூறு ஆண்டுகட்குப் பின்னரும் ஆனைமலையில் சமண உருவங்கள் செதுக்கப்பட்டன. கீழக்குயில்குடிச் சமணர் மலைக் கல்வெட்டுகள் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சார்ந்த ஆசிரியரையும் மாணாக்கரையும் குறிக்கின்றன. சமயப் பூசலுக்குப் பின்னும் வேறு வேறு நெறியினர் ஒரே மலையில் வழிபட்டும் கற்பித்தும் வாழ்ந்தனர் என்பதைச் சிறார் கல்லிலேயே காணலாம். 'பள்ளி' என்னும் சொல் துறவியர் உறையுளையும் குறித்தது என்று கூறின், தம் பள்ளிக்கூடத்தின் பெயரே பழஞ்சான்று என அறிந்து வியப்பர்.

நல்லாசிரியர்க்கு உவமை கூறவந்த நன்னூல் நிறைகோலையும் ஒன்றாக வைத்தது. அந்நூல் செய்த பவணந்தியார் சமணர். அதற்கு உரைகண்ட சங்கரநமச்சிவாயர் சைவர். கதையையும் கல்லையும் ஒருபுறம் சாயாது நிறுத்துக் காட்டும் ஆசிரியர்க்கு இதனினும் சிறந்த முன்மாதிரி வேண்டுவதின்று.

முடிவுரை

வட்டாரச் சான்றறிவு ஏட்டளவில் நிற்பதன்று. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமண உருவமும் பாண்டியர் குடைவரையும் ஒருங்கே கொண்ட அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்பகுதியை உள்ளிட்ட டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை மக்கள் எதிர்த்தனர். 2025 சனவரியில் அது கைவிடப்பட்டது. தம் மலை இன்னதென அறிந்த மக்களே அதனைக் காக்க முன்வருவர். மதுரை வட்டாரத் தொடக்கப்பள்ளி ஒவ்வொன்றும் தனக்கு அணித்தாகிய சான்றிடம் ஒன்றனைத் தேர்ந்து, அதன் கதை, கல், காலமுறை ஆகியவற்றைச் சில பக்கங்களில் தொகுத்து வைத்தல் நன்று. அத்தொகுப்பைப் பிழையறச் செய்துதருதல் தமிழ் முதுகலை மாணாக்கர்க்கு ஏற்ற பணியாகும். ஆய்வின் பயன் ஆய்வாளரோடு நின்றுவிடாது மணலில் எழுதப் பயிலும் கைகளையும் சென்றடைதல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.