துப்பாக்கியைக் கீழே வைத்த இளைஞர்

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் பெக்கோக். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். அவற்றிற்கு அப்பால் அடர்ந்த காடு. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் இவ்வட்டாரக் காடு ஆயுதம் ஏந்தியோரின் புகலிடமாய் விளங்கியது. அக்காலத்தைப் பற்றி எழுதுவோர் சண்டைகளையே விரித்துரைப்பர். ஏந்திய துப்பாக்கியை இளைஞர் எவ்வாறு கீழே வைத்தனர் என வினவுவோர் அரியர். 2013ஆம் ஆண்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைப் பட்டியலிட்டபோது, அவற்றின் உறுப்பினருள் பெரும்பான்மையோர் இந்தியர் என்னும் செய்தி வெளிவந்தது. ஆதலின் ஆசிரியராகிய நாம் இவ்வினாவை ஒதுக்குதல் இயலாது.

அவசரகாலச் சட்டம், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்கு மரண தண்டனை விதித்தது. சுட்டிருக்க வேண்டுவதில்லை, கையில் இருந்தாலே போதும். இதற்கு இரையானோருள் தமிழர் மறக்கவொண்ணாதவர் எஸ். ஏ. கணபதி. தமிழகத்திற் பிறந்து, இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர். கைத்துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பெற்று, 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு அவருக்காகப் பரிந்து பேசியும் பயன் விளையவில்லை.

தூக்குக் கயிற்றைக் கண்டு காடு வெறுமையாயிற்றா? இல்லை. 1951 அக்டோபரில் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியே சுட்டுக் கொல்லப்பட்டார். வெளியே வந்தால் தூக்கு என அஞ்சும் இளைஞன் துப்பாக்கியை மேலும் இறுகப் பற்றுவானேயன்றி எறியத் துணியான்.

மாற்றுவழியும் உடன் முயலப்பட்டது. விமானங்கள் துண்டறிக்கைகளைத் தூவின. ஒலிபெருக்கி பூட்டிய விமானங்கள் காட்டின் மேல் பறந்து அழைத்தன. ஆயுதத்துடன் வருவோருக்குப் பணமும் வழங்கப்பட்டது. முன்னரே சரணடைந்த தோழர்களின் நிழற்படங்களும் சொற்களும் அவ்வறிக்கைகளில் இடம்பெற்றன. ஆசிரியர் ஆயிரம் முறை கூறினும் ஏறாத சொல், உடன் திரிந்த நண்பன் ஒருமுறை கூறின் ஏறும் என்பதை வகுப்பறையில் நாம் அறியாததா? இப்பணியில் மலாயாவைச் சேர்ந்த சி. சி. டூ என்பாரின் பங்கு பெரிது. சரணடைந்தோர்க்கும் தடுத்து வைக்கப்பட்டோர்க்கும் தைப்பிங் மறுவாழ்வு முகாமில் கல்வியும் கைத்தொழிலும் கற்பிக்கப்பட்டன.

அன்பு ஒன்றே வென்றது எனக் கூறின் அது வரலாறாகாது. பசியும் கருவியாயிற்று. கட்டுப்பாடு மிகுந்த இடங்களில், பால்வெட்டச் செல்லும் பாட்டாளி மதியச் சோற்றைக்கூட எடுத்துச் செல்லுதல் தடுக்கப்பட்டது. குற்றமற்ற தோட்ட மக்களும் அத்துன்பத்தைச் சுமந்தனர்.

எனினும், 1957 செப்டம்பரில் விடுதலை பெற்ற மலாயா அறிவித்த பொதுமன்னிப்பு நிலைமையை மாற்றியது. சரணடைவோர்மீது வழக்கு இல்லை. இல்லந் திரும்பலாம் என்னும் வாக்குறுதி கிடைத்தது. 1958 ஏப்ரலில் தென் மலாயாவின் கம்யூனிஸ்டுத் தலைவர் ஹோர் லங் சரணடைந்தார். அச்செய்தி வெளியாகாமலே மீண்டும் காடு புகுந்து, ஆகஸ்டு திங்களுக்குள் ஏறத்தாழ 160 பேரை வெளியே அழைத்து வந்தார். ஜொகூர்க் காட்டிலிருந்து வந்த அவர்களை அழைத்தது அவர்தம் தலைவரின் குரலே.

1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிவுற்றது. துப்பாக்கிக்கான தூக்குத் தண்டனை முடியவில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கிக் குற்றங்களுக்கான தண்டனைகளைக் கடுமையாக்கியது. கட்டாய மரண தண்டனையை நீக்கி, முடிவை நீதிபதியிடம் விடும் சட்டம் 2023 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது.