கோவிவனுக்கு ஒரு கல் இருக்கு, நம்ம மணிக்கு?

வீட்டு நாய் செத்துப்போனா ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது. மூணாம் நாள் யாராவது வந்து, "ஒரு நாய்க்குப் போய் இப்படி அழுவுறியே?"ன்னு கேட்பாங்க. அதோட நாமும் வாயை மூடிக்குவோம். இன்றைக்கு நம்ம போனிலாவது நாலு படம் மிஞ்சும். அப்பாயி காலத்து நாய்க்கு அதுவும் கிடையாது.

2023இல் மலையகத்தின் 200 வருடத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அதற்குப் பிறகு நம்மில் பலர் குடும்ப வரலாறு எழுதத் தொடங்கியிருக்கிறோம். அதில் நாய்க்கு என்ன வேலை என்று சிரிப்பு வரலாம். ஆனால் எந்த நாயின் சாவு கல்லிலும் புத்தகத்திலும் ஏறியது, எது லயத்துப் பேச்சோடு போனது என்று தேடிப் பார்த்தால், நிலம் யாருடையது, பெயர் எழுதும் உரிமை யாரிடம் இருந்தது என்ற கேள்வியில்தான் வந்து நிற்போம்.

முதலில் கொஞ்சம் தூரம் போய் வருவோம். தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முதல் பகுதி. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்காக நட்ட கல் அது. அவன் அரசன் இல்லை, ஒரு தலைவனிடம் வேலை பார்த்த சேவகன். அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். அது கள்ளர்களைக் கடித்து நின்று காத்தது என்று தனியாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். 1400 வருடம் ஆகிவிட்டது. ஒரு வேலைக்காரன் பெயரும் அவனோடு நின்ற நாயின் பெயரும் ஒரே கல்லில் இன்னும் வாசிக்கக் கிடைக்கின்றன.

இலங்கையிலும் கல்லில் நாய் உண்டு, ஆனால் வேறு மாதிரி. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுச் சிங்களத் தூண் கல்வெட்டுகள் பலவற்றில் நாயும் காகமும் செதுக்கியிருப்பார்கள். கல்லில் சொன்ன கட்டளையை மீறுகிறவன் நாயாகவும் காகமாகவும் பிறப்பான் என்ற சாபம் அது. அங்கே நாய்க்குப் பெயர் இல்லை. பயமுறுத்துவதற்காக மட்டும் நிற்கிறது.

இனி ஊவாவுக்கு வருவோம். பதுளை டவுனில் புனித மாற்கு தேவாலயத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அது மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் நினைவாகக் கட்டப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர் எடுத்தவர் அவர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். காட்டை வெட்டிக் கோப்பி போட்ட காலம் அது. தமிழ்நாட்டிலிருந்து நம்ம ஆட்கள் கூட்டம் கூட்டமாக நடந்து வந்ததும் அதே காலத்தில்தான். வழியிலும் காட்டிலும் செத்தவர்களுக்கு யாரும் தேவாலயம் கட்டவில்லை.

ரோஜர்ஸுக்குப் பிறகு வந்தவர் சாமுவேல் பேக்கர். நுவரெலியாவில் குடியேறி, ஹோர்ட்டன் சமவெளியிலும் ஊவாக் காடுகளிலும் நாய்க்கூட்டத்தோடு மரை வேட்டையாடியவர். 1854இல் லண்டனில் அவருடைய வேட்டைப் புத்தகம் வந்தது. அதில் ஸ்மட், பிரான், கில்பக், லீனா என்று நாய்கள் பெயரோடு வருகின்றன. எது எந்த இனம், எதற்கு எவ்வளவு துணிச்சல், எது எப்படிச் செத்தது என்றெல்லாம் மனசு கரைந்து எழுதியிருக்கிறார். அந்தத் துக்கம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நாயை இழந்தவர்களுக்கு அது புரியும். ஆனால் அந்த நாய்களுக்குச் சாப்பாடு போட்டு, காட்டுக்குள் பின்னாலேயே ஓடிய ஆட்களுக்கு அவ்வளவு வரிகள் கிடைக்கவில்லை. எடுத்தனூர்க் கல் சேவகனையும் நாயையும் சேர்த்து நினைத்தது. பேக்கரின் புத்தகம் நாயை நினைத்துவிட்டுச் சேவகனை விட்டுவிட்டது.

லயத்து நாய்க்கு இனம் கிடையாது. பெயர் மட்டும் உண்டு: மணி, கறுப்பன், டைகர், ஜிம்மி, ரோஸி. இதில் பாதிப் பெயர் பங்களாவிலிருந்து இறங்கி வந்தவை. துரை வீட்டு நாயின் பெயரை லயத்து நாய்க்கும் வைத்ததில் ஆசையும் இருந்திருக்கும், கொஞ்சம் நக்கலும் இருந்திருக்கும். பெரட்டுக்குப் போகிறவர்களோடு கிளம்பும், கொழுந்து மலையில் காலடியிலேயே சுத்தும், பாம்பைக் கண்டால் குலைக்கும், இரவில் இஸ்தோப்பில் படுத்துக்கொள்ளும். சிறுத்தை இறங்கினால் முதலில் போவதும் அதுதான்.

சட்டத்தின் கண்ணில் அது வேறு. 1893இல் விசர்நாய்க் கட்டளைச் சட்டம் வந்தது, 1901இல் நாய்ப் பதிவுச் சட்டம் வந்தது. பதிவில்லாமல் வெளியில் திரிகிற நாய் பிடிபடலாம், கொல்லப்படலாம். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. 1973இல் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடியால் செத்தார்கள். தடுப்பூசி பரவலாகப் போடத் தொடங்கிய பிறகு அந்த எண்ணிக்கை வருடத்துக்கு இருபது, முப்பது என்று இறங்கியது. தெருநாய்களைக் கொல்வதை 2006இல் நிறுத்தினார்கள். ஆனால் கயிறும் மதிலும் வாசலும் இல்லாத லயத்தில், வீட்டு நாய் எது, தெருநாய் எது என்று யார் பிரித்துச் சொல்வது? இருபது காம்பராவுக்கும் ஒரே முற்றம். நாய்க்கும் இருபது வீட்டுச் சோறு.

செத்தால் புதைப்பதிலும் அதே சிக்கல். தேயிலைக்குள்ளே, கானுக்கு அந்தப் பக்கம், இல்லாவிட்டால் ஆத்தோரம். காம்பராவுக்கு முன்னால் உள்ள ஒரு முழ நிலம்கூட நமக்கு எழுதித் தரப்பட்டதில்லை. 1970களில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. மலையை மறுபடி நட்டால் பழைய குழி எல்லாம் சேர்ந்து கிளறப்படும். கல் நடுவதற்கு முதலில் நிலம் வேணும்.

இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பக் கனமாகப் படுவது சாவு இல்லை, பிரிவு. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும் என்றார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கணக்கு தலை எண்ணிக்கையில் முடிந்தது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை ஸ்டேஷன்களில் தகரப் பெட்டியோடு ஏறிய குடும்பங்கள் தலைமன்னாருக்குப் போய், கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போயின. குடும்ப அட்டையில் அப்பா, அம்மா, பிள்ளைகள் பெயர் இருந்தது. நாய்க்கு அதில் வரி கிடையாது.

மகாபாரதக் கூத்தும் கதையும் கேட்டு வளர்ந்த சனம் நாம. தர்மர் சொர்க்கத்து வாசலில் நின்று, கூட வந்த நாயை விட்டுட்டு உள்ளே வரமாட்டேன் என்று சொன்ன கதை லயத்தில் எல்லாருக்கும் தெரியும். தலைமன்னார் துறையில் அப்படிச் சொல்ல யாருக்கும் வழி இருக்கவில்லை. அதனால் நாயைப் பக்கத்துக் காம்பராவில் ஒப்படைத்தார்கள். சில வீடுகளில் யாரிடமும் சொல்லாமல் விடியும் முன்னே கிளம்பினார்கள். அந்த நாய்கள் எத்தனை நாள் பூட்டிய காம்பரா முன்னால் படுத்துக் கிடந்தன என்பதற்கு எந்த அலுவலகத்திலும் பதிவில்லை. போனவர்களுக்கோ அது நாயின் நினைவு மட்டும் இல்லை. லயம், பீலிக்கரை, தேயிலை மலை, விட்டுப்போன சொந்தம் எல்லாம் அந்த ஒரு பெயரில் ஒட்டிக்கொண்டு போயிருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன். வீட்டில் வயசானவர்களிடம், "தாத்தா, உங்க காலத்து வரலாற்றைச் சொல்லுங்க"ன்னு கேட்டால், "நமக்கு என்னப்பா வரலாறு"ன்னு முடித்துவிடுவார்கள். "நீங்க சின்னப் பிள்ளையில வளர்த்த நாய் பேரு என்ன?"ன்னு கேட்டுப் பாருங்க. பெயர் வரும். அது படுத்த லயம் எது என்று வரும். அந்த வருடம் துரை யாரு, கங்காணி யாரு, சோறு போட முடியாமல் போன பஞ்சம் எது என்று வரும். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய்க் குடியேறிய சொந்தக்காரர்களிடமும் போனில் கேட்கலாம். அவர்கள் விட்டுப்போன நாயை இங்கே யாராவது வளர்த்திருப்பார்கள்.

கேட்டதை எழுதி வையுங்கள். பெயர், நிறம், எந்தத் தோட்டம், எந்த லயம், யார் சோறு போட்டது, எங்கே புதைத்தது. போன மாதம் செத்துப்போன உங்க நாய்க்கும் இதையே எழுதலாம், யார் சிரித்தாலும். எடுத்தனூர்க்காரர்கள் கல்லில் எழுதியதும் ஏறக்குறைய இவ்வளவுதான்: இவன் யாருடைய ஆள், எதற்காகச் செத்தான், கூட நின்ற நாயின் பெயர் என்ன.